லயனல் வென்ட்: நிழற்படக் கலையும் அது பெற்ற மதிப்பும்

கலைகளை அறுபத்து நான்கென வகுத்தனர் நம் முன்னோர். அவ்வட்டவணையுள் நிழற்படக் கலையைத் தேடுவோர் காணமாட்டார். 1839ஆம் ஆண்டிலே டாகேர் என்னும் பிரெஞ்சுக்காரரின் முறை பாரிஸ் மாநகரில் உலகறிய வெளியிடப்பட்ட பின்னரே அது மக்கள் வழக்கிற்கு வந்தது. வந்த பின்னரும், அதனைக் கலையென ஏற்பதா என்ற ஐயம் ஒரு நூற்றாண்டுக் காலம் அறிஞரிடையே நிலவிற்று. ஓவியன் தன் கையாற் கோடிழுக்கின்றான். சிற்பி உளிகொண்டு கல்லைச் செதுக்குகின்றான். கமராக்காரனோ ஒரு விசையை அழுத்துகின்றான். எஞ்சியதை ஒளியும் இரசாயனமும் செய்துவிடுகின்றன. இதிலே கலைஞனின் பங்கு யாது? இவ்வினாவுக்கு ஈழநாட்டிலிருந்து தம் செயலால் விடை பகர்ந்தவர் லயனல் வென்ட்.

வினாவின் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளியைக் கடந்து புல்மோட்டைக்குச் செல்லும் வழியிலே இறக்கக்கண்டி அமைந்துள்ளது. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. இக்கீழைக் கரையிலே காலைவேளையிற் கரைவலை இழுக்கப்படுவதாகக் கொள்வோம். கதிரவன் கடலிலிருந்து எழுகின்றான். நிலத்தின் பக்கம் நின்று கடலை நோக்கிப் படம் பிடிப்பவனுக்கு வலை இழுப்போர் யாவரும் ஒளிக்கு முன் நிற்கும் கரிய உருவங்களாகத் தோன்றுவர். முகம் தெரியாது, முதுகின் வளைவும் கயிற்றின் விறைப்பும் மாத்திரமே தெரியும். அவனே நீரில் இறங்கிக் கரையை நோக்கித் திரும்புவானாயின், அதே மனிதரின் நெற்றி வியர்வையும், சம்மாட்டியின் முகக் குறிப்பும், நனைந்த சாரத்தின் மடிப்பும் பளிச்சிடும். ஒரே கமரா, ஒரே வேளை, படங்களோ இரண்டு. இவற்றுள் எதனைக் கொள்வது, எந்தக் கணத்திற் கொள்வது என்பதைப் பொறி தீர்மானிப்பதில்லை. அதன் பின்னர் இருட்டறையிலே தாளில் எதனைக் கறுக்கவிடுவது, எதனை வெளுக்கவிடுவது என்னும் தீர்மானமும் உண்டு. வென்டின் பெருமையிற் பாதி அவ்விருட்டறையிற் பிறந்தது.

மேனாட்டில் நிழற்படத்துக்குக் கலைமதிப்புத் தேடித் தந்தவர்களுள் ஆடை அலங்காரப் படம் பிடித்தோருக்கும் இடமுண்டு. எட்வேர்ட் ஸ்டைக்கன் என்னும் அமெரிக்கர் 1911இல் போல் புவாரே என்ற பாரிஸ் நகர ஆடை வல்லுநரின் உடுப்புகளைப் படம் பிடித்து ஒரு கலைச் சஞ்சிகையில் வெளியிட்டார். துணி விற்பதற்காக எடுக்கும் படமும் ஓவியத்துக்குரிய ஒளி நயத்தோடு அமையலாம் என்பதை அப்படங்கள் காட்டின. அவருக்குப் பின் மான் ரே என்பவர் பாரிஸிலிருந்து ஹார்ப்பர்ஸ் பசார் என்னும் மகளிர் சஞ்சிகைக்கு ஆடைப் படங்கள் எடுத்தளித்தார். தம் சொந்தக் கலைக்காக இருட்டறையிற் கண்ட புதுமைகளை அப்படங்களிலும் கையாண்டார். வென்டின் படங்களிலே மான் ரேயின் தாக்கம் உண்டென்பது ஆராய்ச்சியாளர் பலர்க்கும் உடன்பாடு. எனினும் வென்ட் ஆடை வணிகருக்காக உழைத்தவரல்லர். கண்டிய நடனக்காரரின் தலையணியும் மார்பணியும், கிராமத்துப் பெண்ணின் சேலை மடிப்பும், மீனவனின் இடைத்துண்டும் அவருக்கு ஆடைப் பொருளாயின. மேனாட்டார் விலையுயர்ந்த பட்டிலே கண்ட ஒளி நயத்தை அவர் கைத்தறித் துணியிலே கண்டார் என்று கூறுதல் மிகையாகாது.

வென்ட் 1900ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆந் திகதி கொழும்பிலே பிறந்தார். பறங்கியர் மரபைச் சேர்ந்த தந்தையார் ஹென்றி லொரென்ஸ் வென்ட் உயர்நீதிமன்ற நீதியரசராகவும் சட்டநிரூபண சபை உறுப்பினராகவும் விளங்கியவர். ஓய்வு வேளையிற் கமராவையும் விரும்பியவர். மைந்தர் இங்கிலாந்துக்குச் சென்றது சட்டக் கல்விக்காகவே. அவரும் இன்னர் டெம்பிளிற் சட்டம் பயின்று பாரிஸ்டரானார். ஆயின் அதே காலத்தில் இலண்டன் றோயல் இசைக் கழகத்திலே ஒஸ்கார் பெரிங்கர் என்னும் ஆசிரியரிடம் பியானோவும் பயின்றார். 1924இல் நாடு திரும்பியவர் சில காலத்துக்குள் வழக்கறிஞர் அங்கியைக் களைந்து வைத்துவிட்டு இசைக்கருவியின் முன் அமர்ந்தார். பிள்ளையைப் பாரிஸ்டராக்கப் பொருள் செலவிட்ட எக்குடும்பமும் இதனை எளிதில் ஏற்றிராது.

அந்நாளைக் கொழும்பிற் புதிய கலைகளுக்கு அவர் இல்லமே புகலிடமாயிற்று. ஜோர்ஜ் கீற், ஜெப்ரி பீலிங் ஆகிய இளம் ஓவியரின் படைப்புகளை 1930இற் காட்சிக்கு வைப்பதில் அவர் முன்னின்றார். இவருள் பீலிங் பின்னாளிற் கல்வித் திணைக்களத்தின் சித்திரக் கலைப் பிரதம பரிசோதகராகிப் பாடசாலைகளிற் சித்திரம் கற்பிக்கும் முறையையே மாற்றியவர். அக்காலத்திற் சிலி நாட்டின் கொன்சலாகக் கொழும்பில் இருந்தவர், பின்னர் 1971இல் நோபல் பரிசு பெற்ற கவிஞர் பாப்லோ நெருடா. நகருக்கு அப்பால் தனித்து வாழ்ந்த அவருக்கு வென்ட் வாரந்தோறும் ஒரு சைக்கிள்காரன் மூலம் மூட்டை நிறையப் புத்தகங்களை அனுப்பிவந்தாராம். இந்நன்றியை நெருடா தம் நினைவுக் குறிப்புகளில் மறவாது எழுதியுள்ளார்.

கமராவை அவர் முழுமூச்சாகக் கையாளத் தொடங்கியது முப்பதுகளின் தொடக்கத்திலேயே. 1934இல் நண்பர் சிலருடன் சேர்ந்து இலங்கைப் புகைப்படச் சங்கத்தை நிறுவினார். அதே ஆண்டில் வேறொரு வாய்ப்பும் வந்தது. இலங்கைத் தேயிலைப் பிரசார சபைக்காகப் படமெடுக்க வந்த பசில் றைட் என்னும் ஆங்கிலேயருக்கு வென்ட் வழிகாட்டியாகவும் துணைவராகவும் அமைந்தார்; படத்தின் விளக்கவுரையைத் தம் குரலாலேயே வாசித்தும் அளித்தார். ‘சோங் ஒவ் சிலோன்’ என்னும் அப்படம் 1935ஆம் ஆண்டு பிரசெல்ஸ் நகரப் பட விழாவில் முதற்பரிசு பெற்றது. திருகோணமலையார் சிறப்பாக நினைவிற்கொள்ளத்தக்க செய்தி ஒன்று இதில் உண்டு. வென்ட் வாசித்த உரையின் பெரும்பகுதி றொபேர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுக்கப்பட்டது. அந்நொக்ஸ் 1660இற் கொட்டியாரக் குடாவிலே, மூதூர்ப் பக்கத்திற் சிறைப்பட்டுக் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டு கைதியாய் வாழ்ந்தவர். தேயிலைக்கு விளம்பரமாக எடுக்கப்பட்ட படத்திலே, தேயிலையே இல்லாத காலத்து இலங்கையை விவரித்த கைதியின் சொற்கள் ஒலித்தன.

இனி அவர் கையாண்ட முறைகள். அவருடைய கமரா ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனத்து லைக்கா. 1925இற் சந்தைக்கு வந்த இச்சிறு கருவி, சினிமாவுக்குரிய பிலிமைப் பயன்படுத்துவது, கையில் அடங்குவது. முக்காலியும் கறுப்புப் போர்வையும் வேண்டிய பழைய பெட்டிக் கமராவுக்கு முன் மக்கள் விறைத்து நிற்பர். லைக்காவோ அவர்கள் வேலையில் இருக்கும்போதே அவர்களைப் பற்றிக்கொண்டது. வென்டின் மீனவரும் உழவரும் கமராவைப் பார்த்து நில்லாதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இருட்டறையிலே அவர் செய்தவற்றுள் பெரிதும் பேசப்படுவது சொலரைசேஷன் என்னும் முறை. படம் இரசாயனக் கரைசலில் உருப்பெற்றுக்கொண்டிருக்கையிலே, முற்றுப்பெறுமுன் ஒரு கணம் விளக்கைப் போட்டு அணைத்துவிடுவர். தேர்ச்சியற்றவன் செய்தால் படம் பாழாகும். தேர்ந்தவன் கையில் நிகழ்வது வேறு. முன்பு ஒளி படாது வெறுமையாயிருந்த பகுதிகள் இப்போது கறுக்கத் தொடங்கும். முன்னரே கறுத்த பகுதிகளில் அதிக மாற்றம் நேராது. இவ்விரு பகுதிகளும் சந்திக்கும் ஓரத்திலே மட்டும் மெல்லிய கோடொன்று தோன்றும். பென்சிலால் வரைந்ததுபோல அக்கோடு முகத்தையும் தோளையும் சுற்றி ஓடும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிரான்சில் சபாத்தியே என்பவர் குறித்துவைத்த இவ்விளைவை, 1929ஆம் ஆண்டளவில் மான் ரேயும் அவருடன் பணியாற்றிய லீ மில்லரும் புதிதாய்க் கண்டு கலைக்குப் பயன்படுத்தினர். இதில் எத்தனை நொடி ஒளி, கரைசலின் எப்பருவத்தில் ஒளி என்பவற்றைக் கொண்டே பயன் அமைவதால், இருமுறை செய்தால் இரு படமும் ஒன்றுபோல் அமையா. இதனோடு, இரண்டு மூன்று நெகற்றிவ்களை ஒரே தாளிற் பதித்து, கண்ணாற் காணமுடியாத காட்சிகளையும் வென்ட் படைத்தார். விசையை அழுத்துவதோடு கலை முடிந்தது என்பார்க்கு இம்முறைகளே மறுமொழி.

1938இல் லைட்ஸ் நிறுவனத்தின் ஆதரவில் இலண்டன் கமரா கழகத்திலே வென்டின் படங்கள் தனிக்காட்சியாக வைக்கப்பட்டன. ஆளப்படும் நாட்டினன் ஒருவன் ஆளும் நாட்டின் தலைநகரிலே தனியொருவனாகக் கலைக்காட்சி வைத்தல் அந்நாளிற் சிறு செய்தியன்று. கொழும்பிலே கலைச் சங்கத்தார் பலர் விக்ரோறியா காலத்து ஓவியமே உயர்வென்று இருந்த வேளை அது.

1942 ஏப்ரலிற் கொழும்பிலும் திருகோணமலையிலும் யப்பானியர் குண்டு வீசினர். போர் ஓயாத மறு ஆண்டில், 1943 ஆகஸ்ட் 29ஆந் திகதி, வென்டின் இல்லத்திலே ஓவியர் சிலர் கூடி ஒரு குழுவை அமைத்தனர். இதுவே நாற்பத்துமூன்றாங் குழு எனப் பெயர்பெற்றது. ஜோர்ஜ் கீற், ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ஜஸ்ரின் தெரணியகல, றிச்சர்ட் கேப்ரியல், கேலிச் சித்திரக்காரர் ஒப்ரி கொலெற், விகாரைச் சுவரோவியங்களைப் பிரதி செய்த மஞ்சுசிறி எனப் பல திறத்தவரும் அதில் இருந்தனர். தூரிகை பிடித்தவர்களை ஒன்றுகூட்டி வைத்தவர் ஒரு கமராக்காரர் என்பது நோக்கற்பாலது. அவ்வாண்டு நவம்பரிற் குழுவின் முதற் கண்காட்சி நடைபெற்றது.

ஓராண்டு சென்றது. 1944 டிசம்பர் 19ஆந் திகதி வென்ட் மாரடைப்பால் மறைந்தார். வயது நாற்பத்து நான்கு. அவர் கலைக்கு நேர்ந்த பேரிழப்பு அதனோடும் நிற்கவில்லை. மறைவின் பின் அவருடைய நெகற்றிவ்கள் அழிக்கப்பட்டன. நெகற்றிவ் உள்ளவரை ஒரு படத்தை எத்தனை முறையும் தாளிற் பதிக்கலாம்; அது போயின் முன்னர்ப் பதித்த தாள்களே எஞ்சும். வென்ட் தம் கையாற் பதித்து, நண்பர் வீடுகளிலும் பெட்டிகளிலும் தங்கிய தாள்கள் மாத்திரமே இன்று அவர் படைப்பு. ஓவியத்தைப் போலவே நிழற்படத்துக்கும் மூலப்பிரதி உண்டென்று வாதிட வேண்டிய தேவை அவர் வரையில் இல்லாது போயிற்று. எஞ்சியவை யாவும் மூலப்பிரதிகளே. ஒன்று செல்லரித்தால் அப்படம் உலகிலிருந்தே மறையவும் கூடும்.

நண்பர்கள் அவற்றைத் தொகுத்து 1950இல் ‘லயனல் வென்ட்ஸ் சிலோன்’ என்னும் பெருநூலாக இலண்டனில் வெளியிட்டனர். ஹரல்ட் பீரிஸ் முதலானோரின் முயற்சியாற் கொழும்பு கில்ட்பேர்ட் கிறசன்ற்றில், அவர் வாழ்ந்த மனையிடத்திலே கலையகமொன்று எழுந்தது. 1953 டிசம்பரில் அதன் நாடக அரங்கு மாக்சிம் கோர்க்கியின் நாடகத்துடன் திறக்கப்பட்டது. அவர் கூட்டிய குழுவும் வெளிநாடு சென்றது: 1952இல் இலண்டனிலும் 1956இல் வெனிஸ் நகர்ப் பெருங்காட்சியிலும் அதன் ஓவியங்கள் இடம்பெற்றன. நிழற்படக்காரராக அவர் பெயரோ நெடுங்காலம் உள்நாட்டு நண்பர் வட்டத்துள்ளேயே தங்கியிருந்தது. அரங்கத்து நாடகங்களைக் கண்டு மகிழ்ந்தவருள், அப்பெயர் ஒரு நிழற்படக்காரருடையது என்பதை அறியாதார் பலர்.

நூற்றாண்டையொட்டி 2000ஆம் ஆண்டில் வெளிவந்த நூலுக்குப் பின் அயல்நாட்டார் பார்வை மீண்டும் அவர் மேற் சென்றது. 2017இல் ஏதென்ஸ், காசல் ஆகிய இரு நகரங்களிலும் நடைபெற்ற பதினான்காவது டொக்குமென்ரா கலைக்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றன. அவ்வாண்டே ஆம்ஸ்ரர்டாம் நகரின் ஹுயிஸ் மார்சை நிழற்பட நூதனசாலை அவருக்கெனத் தனிக்காட்சி நடாத்திற்று. ஆடவர் உடலழகைப் பொருளாகக் கொண்ட அவர் படங்கள், முன்னையோர் கூச்சத்தாற் பேசாது விட்டவை, இப்போது ஆய்வாளரின் முதற் கவனத்தைப் பெறுகின்றன. கிராம வாழ்வை அவர் அழகாக்கிக் காட்டினார், வறுமையை ஒளியால் மூடினார் என்று குறை கூறுவாரும் உளர். அக்குறையில் உண்மை இல்லாமலில்லை. படத்திலுள்ள மீனவர், நடனக்காரர், கிராமத்து மகளிர் ஆகியோருட் பெரும்பாலோர் பெயரின்றியே நிற்கின்றனர். எடுத்தவர் பெயரை உலகம் அறியும். ஆயினும் அவர்களை வேடிக்கைப் பொருளாக வைத்து, வெள்ளையர்க்கு விற்கும் தபாலட்டைகளை வணிகர் அச்சிட்ட காலத்திலே, வென்டின் கமரா அவர்கள் முன் அடக்கத்தோடு நின்றது. இவ்விருவகைப் படங்களையும் அருகருகே வைத்து நோக்கும் மாணவர்க்கு வேறுபாடு தானே விளங்கும்.

தாளிற் பதிந்த வெள்ளி காற்றின் ஈரத்தாலும் வெயிலாலும் மெல்ல மங்குவது. நம் கடற்கரை வீடுகளிற் சுவரில் மாட்டிய கல்யாணப் படங்கள் சில ஆண்டுகளுள் பழுப்பேறுவதை யாவரும் கண்டிருப்பர். வென்ட் பதித்த தாள்களிற் பல எண்பது ஆண்டுக்கு மேற் கடந்தும் கருமை குன்றாதிருக்கின்றன. பதித்தபின் அவற்றை நன்னீரிற் செம்மையாகக் கழுவியெடுத்த கையின் பொறுமையே அதற்குப் பெரிதும் காரணமாகும்.