டிராயிங்கும் சரக்குதான்

பெங்களூரு பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும் நம்மவர்கள் பலர் சின்னதாக லேத் பட்டறையோ சி.என்.சி. யூனிட்டோ வைத்திருக்கிறார்கள். விமானம், ராடார் போன்றவற்றுக்கான உதிரிபாகங்களை ஜாப் ஒர்க்காகச் செய்கிறவர்களும் அதில் உண்டு. இத்தகைய தொழிலில் ஏற்றுமதிக் காகிதங்களோடு பல வருஷம் பழகியவன் என்ற முறையில், அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, உற்பத்தி. 2001-இல்தான் பாதுகாப்புத் தளவாட உற்பத்தி தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. உரிமம் தரப்படுவது 1951-ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டப்படி. எதெதற்கு உரிமம் வேண்டும் என்ற பட்டியலை அரசு 2014 ஜூனில் வெளியிட்டது. வார்ப்பு, ஃபோர்ஜிங், சாதாரண உதிரிபாகம் போன்ற பலவற்றுக்கு உரிமம் தேவையில்லை என்றாகிவிட்டது. "அப்போ நமக்கு ஒரு கட்டுப்பாடும் கிடையாது சார்" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. அது சரியல்ல.

இரண்டாவது, காவல். உரிமம் பெற்ற நிறுவனங்களுக்காகப் பாதுகாப்பு உற்பத்தித் துறை 2014-இல் ஒரு பாதுகாப்புக் கையேடு வெளியிட்டது. பொருளின் ரகசியத் தன்மையைப் பொறுத்து ஏ, பி, சி என்று மூன்று வகை. ஏ வகைக்குக் கெடுபிடி அதிகம். சி வகைக்கு மிகக் குறைவு. யார் உள்ளே வருகிறார்கள், எந்தத் தாள் யார் கையில் இருக்கிறது, எந்தக் கம்ப்யூட்டர் இன்டர்நெட்டோடு இணைந்திருக்கிறது என்பதெல்லாம் இதில் அடங்கும்.

மூன்றாவதுதான் பலரும் கோட்டை விடுகிற இடம்: ஏற்றுமதி. அதற்கு 'ஸ்கோமெட்' என்றொரு பட்டியல். அதன் ஆறாம் பிரிவு முழுக்க ராணுவத் தளவாடங்கள். 2017-இல் நடைமுறைக்கு வந்தது. இதற்கு அனுமதி தருவது பாதுகாப்பு உற்பத்தித் துறை. அணுசக்தி சம்பந்தப்பட்டவை அணுசக்தித் துறையின் பொறுப்பு. மற்றவற்றுக்கு வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம், அதாவது டி.ஜி.எஃப்.டி.

இந்தப் பட்டியலில் துப்பாக்கியும் குண்டும் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஷாம்புவிலும் கிரீமிலும் சேர்கிற டிரைஎத்தனாலமீன் நச்சு வாயு தயாரிக்கவும் உதவும்; அதனால் அதுவும் உண்டு. கோல்ஃப் மட்டைக்குப் போகும் மேரேஜிங் எஃகு ராக்கெட் உடலுக்கும் ஆகும். பொருள் ஒன்றுதான், உபயோகம் இரண்டு. அதனால்தான் வாங்குகிறவர் கடைசியில் அதை எதற்குப் பயன்படுத்தப் போகிறார் என்று கையெழுத்திட்ட சான்று கேட்கிறார்கள்.

இன்னொன்று: மென்பொருளும் தொழில்நுட்பமும் பட்டியலில் உண்டு. கப்பலில் பெட்டி ஏறினால்தான் ஏற்றுமதி என்பதில்லை. கட்டுப்பாட்டில் உள்ள ஒரு பாகத்தின் டிராயிங்கை "கொட்டேஷனுக்குத்தானே" என்று வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஈமெயிலில் அனுப்பினாலும் அது ஏற்றுமதிதான். பேரழிவு ஆயுதங்கள் பற்றிய 2005-ஆம் ஆண்டுச் சட்டமும் 1992-ஆம் ஆண்டு வெளிநாட்டு வர்த்தகச் சட்டமும் இதற்குப் பின்னால் நிற்கின்றன. அபராதம் முதல் சிறை வரை தண்டனை உண்டு. ஏற்றுமதி செய்வதற்கான குறியீட்டு எண்ணே ரத்தாகலாம். அப்புறம் பத்து தொழிலாளர்களின் சம்பளத்துக்கு யார் பதில் சொல்வது?

2016-க்கும் 2018-க்கும் இடையே ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பு, வாசனார் உடன்பாடு, ஆஸ்திரேலியா குழு மூன்றிலும் இந்தியா சேர்ந்தது. நம் நாட்டின் சொல் செல்லுபடியாவது நம் பட்டறைக்காரர்களின் ஒழுங்கையும் பொறுத்தது.

ஆகவே சாம்பிள் அனுப்பும் முன், டிராயிங் அனுப்பும் முன், பட்டியலைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் எழுதிக் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள். அனுமதிக்குச் சில வாரங்கள் ஆகலாம். அந்தக் காலத்தையும் சேர்த்தே வாடிக்கையாளருக்குத் தேதி கொடுங்கள்.