வீட்டிலிருந்தே வேலை: வரவும் செலவும்

வேலைக்குப் போவது என்றால் என்ன? காலையில் குளித்து, மதியச் சாப்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, பேருந்தையோ மின்சார இரயிலையோ பிடித்துப் பணியிடத்தை அடைவது என்றுதான் நெடுங்காலமாக நாம் பொருள் கொண்டிருந்தோம். 2020-ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று பரவியபோது இந்தப் பொருள் மாறிற்று. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் தம் வீட்டு மேசையின் முன் அமர்ந்து அலுவலக வேலையைச் செய்யத் தொடங்கினர். தொற்று தணிந்த பின்னரும் பலர் வாரத்தில் சில நாட்களேனும் அவ்வாறே பணிபுரிகின்றனர்.

மாணவ நண்பர்களே, நீங்கள் படித்து முடித்து வேலை தேடும்போது, “வீட்டிலிருந்து வேலை செய்கிறீர்களா, அலுவலகத்திற்கு வருகிறீர்களா?” என்று உங்களிடமும் கேட்கப்படலாம். எந்த விடை நல்லது? அவரவர் விருப்பு வெறுப்பைக் கொண்டு விடை கூறிவிடலாம்தான். ஆனால், இக்கேள்வியை அறிவியல் முறைப்படி சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அச்சோதனையின் முடிவு எதிர்பாராத ஒரு பாடத்தைத் தருகிறது.

எரிபொருள் நெருக்கடியின் காலம்

முதலில் இவ்வெண்ணம் பிறந்த கதையைக் காண்போம். 1973-ஆம் ஆண்டில் உலகில் பெட்ரோலியப் பொருள்களின் விலை திடீரென உயர்ந்தது. நாள்தோறும் காரில் வெகுதூரம் பயணம் செய்து வேலைக்குச் செல்லும் அமெரிக்கர்களை அது கடுமையாகப் பாதித்தது. அதே ஆண்டில் தென் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில் ஜாக் நில்ஸ் என்பவர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். விண்வெளித் தொழில்நுட்பத் துறையில் பணியாற்றியவர் அவர். ‘மனிதரைப் பணியிடத்திற்கு ஏற்றிச் செல்வதற்குப் பதிலாக, பணியை மனிதரிடம் கம்பி வழியே அனுப்பினால் என்ன?’ என்பதே அவர் எழுப்பிய வினா.

இங்கு ஒரு செய்தியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நில்ஸ் அப்போது ஆராய்ந்த திட்டத்தில் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் அமரவில்லை. நகர மையத்திலுள்ள பெரிய அலுவலகத்தைப் பிரித்து, பணியாளர்களின் குடியிருப்புகளுக்கு அருகே சிறு கிளை அலுவலகங்களை அமைப்பதே திட்டம். பயணம் குறையும், ஆனால் பக்கத்து நாற்காலியில் ஒருவர் இருப்பார்.

குலுக்கலில் பிரிந்த இரு குழுக்கள்

இனி நாம் கூறிய சோதனைக்கு வருவோம். சீனாவின் ஷாங்காய் நகரில் சிட்ரிப் என்னும் பெரிய பயண நிறுவனம் இருந்தது. வாடிக்கையாளர்களுடன் தொலைபேசியில் பேசி, விமானப் பயணச் சீட்டுகளையும் விடுதி அறைகளையும் பதிவு செய்து தரும் பணியாளர்கள் பலர் அங்கு வேலை செய்தனர். 2010-ஆம் ஆண்டின் இறுதியில், அந்நிறுவனமும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த பொருளியல் அறிஞர் நிக்கலஸ் புளூம் குழுவினரும் சேர்ந்து ஒரு சோதனையை நடத்தினர்.

வீட்டிலிருந்து வேலை செய்ய விரும்பித் தாமே முன்வந்தவர்களில் 249 பேர் இதற்குத் தகுதி பெற்றனர். இவர்களை எப்படி இரண்டாகப் பிரிப்பது? சுறுசுறுப்பானவர்களை மட்டும் வீட்டிற்கு அனுப்பினால் வீட்டு வேலை சிறந்தது என்று முடிவு வரும். சோம்பேறிகளை அனுப்பினால் மாறாக வரும். ஆய்வுக்கூடத்தில் நாம் ஒரு கம்பியின் மின்தடையை அதன் நீளத்துடன் ஒப்பிடும்போது, தடிமனையும் வெப்பநிலையையும் மாறாமல் வைத்துக்கொள்கிறோம் அல்லவா? மனிதர்களிடம் அது இயலாது. ஆகவே குலுக்கல் முறையைக் கையாளுகிறார்கள். பிறந்த தேதி இரட்டைப்படை எண்ணாக அமைந்தவர்கள் வாரத்தில் நான்கு நாட்கள் வீட்டிலிருந்தும், ஐந்தாம் நாள் அலுவலகத்திலும் வேலை செய்ய வேண்டும். ஒற்றைப்படையினர் ஐந்து நாளும் அலுவலகத்திலேயே இருக்க வேண்டும் என்று குலுக்கலில் முடிவாயிற்று. பிறந்த தேதிக்கும் சுறுசுறுப்புக்கும் தொடர்பில்லை. எனவே இரு குழுக்களிடையே தோன்றும் வேறுபாட்டிற்கு வேலை செய்யும் இடமே காரணம் என்று துணிந்து கூறலாம்.

ஒன்பது மாதங்கள் சோதனை நடந்தது. வீட்டுக் குழுவினரின் வேலைத்திறன் 13 சதவீதம் உயர்ந்தது. இதில் 9 பங்கு, அவர்கள் கூடுதல் நேரம் வேலை செய்ததால் வந்தது. இடைவேளைகளும் நோய் விடுப்பும் குறைந்திருந்தன. எஞ்சிய 4 பங்கு, ஒவ்வொரு நிமிடத்திலும் சற்று அதிக அழைப்புகளை ஏற்றதால் வந்தது. வேலையை விட்டு விலகுவோரின் எண்ணிக்கையும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நிறுவனத்திற்கு வாடகை மிச்சம். பணியாளருக்குப் பயண நேரம் மிச்சம். வரவுப் பக்கம் நிரம்பி வழிந்தது எனலாம்.

அடுத்து நிகழ்ந்ததுதான் வியப்பு. சோதனை முடிந்ததும், இனி அவரவர் விருப்பம்போல் இருக்கலாம் என்று நிறுவனம் அறிவித்தது. வீட்டுக் குழுவினரில் பாதிப்பேர் அலுவலகத்திற்கே திரும்பி வந்துவிட்டனர்! அவர்கள் யார்? வீட்டிலிருந்து வேலை செய்ய வேண்டும் என்று தாமே விரும்பிக் கேட்டவர்கள். வேலையும் நன்றாகவே நடந்தது. பின் ஏன் திரும்பினர்? அவர்கள் கூறிய காரணங்களில் முதன்மையானது தனிமை. இன்னொரு செலவும் இருந்தது. ஒரே அளவு திறமை காட்டியவர்களில், கண்ணில் படாமல் வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு கிடைப்பது குறைந்திருந்தது.

பயணக் கட்டணத்தை முன்கூட்டியே கணக்கிடலாம். தனிமையை அவ்வாறு கணக்கிட அவர்களால் இயலவில்லை. அனுபவித்த பின்னரே அதன் அளவு தெரிந்தது.

தனிமையும் பசியும்

தனித்திருப்பது வேறு, தனிமையை உணர்வது வேறு. தேர்வுக்குப் படிக்கும் மாணவன் தனித்திருப்பதை விரும்புகிறான். திருமணக் கூட்டத்தின் நடுவிலும் ஒருவர் தனிமையை உணரலாம். நமக்கு வேண்டிய உறவுக்கும் கிடைக்கும் உறவுக்கும் இடையேயுள்ள பற்றாக்குறையே தனிமையுணர்வு. ஆறு பேருக்கு ஒருவர் இவ்வுணர்வுக்கு ஆளாகியிருப்பதாக உலகச் சுகாதார நிறுவனத்தின் குழு ஒன்று 2025-ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியது.

சிக்காகோப் பல்கலைக் கழக உளவியல் அறிஞர் ஜான் கசியோப்போ, தனிமையுணர்வைப் பசிக்கும் தாகத்திற்கும் ஒப்பிட்டார். உடலுக்கு உணவு தேவை என்று பசி அறிவிப்பதுபோல, மனிதத் துணை தேவை என்று தனிமையுணர்வு அறிவிக்கிறது என்பது அவர் கருத்து. இதற்குச் சான்றாக அமைந்த ஓர் ஆய்வு 2020-இல் வெளியாயிற்று. அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், 40 பேரை ஒருநாள் 10 மணி நேரம் எவருடனும் தொடர்பின்றித் தனி அறையில் வைத்தனர். வேறொரு நாள் அவர்களையே 10 மணி நேரம் பட்டினி இருக்கச் செய்தனர். பின்னர் மூளையைக் காந்தப் புலத்தின் உதவியால் படமெடுத்தனர். பசித்திருந்தபோது உணவுப் படங்களைக் கண்டால் நடுமூளையின் எப்பகுதி கிளர்ந்ததோ, தனித்திருந்த பின் மனிதர் கூடியிருக்கும் படங்களைக் கண்டபோதும் அதே பகுதி கிளர்ந்தது.

எனவே, வீட்டிலிருந்து வேலை செய்யும் ஒருவர் மாலையில் காரணமின்றி மனம் சோர்ந்தால், அதை மனவலிமைக் குறைவு என்று எண்ண வேண்டியதில்லை. பசித்தவர் வெட்கப்படுவதில்லை, உண்கிறார்.

திரை ஏன் ஈடாவதில்லை?

“காணொளியில்தான் நாள் முழுதும் பேசுகிறோமே!” என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு இயற்பியல் ஒரு பகுதி விடை தருகிறது. நேரில் உரையாடும்போது, ஒருவர் முடித்ததும் மற்றவர் தொடங்க ஆகும் இடைவெளி எவ்வளவு தெரியுமா? பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, சராசரியாகச் சுமார் 0.2 விநாடி. கண் இமைக்கும் நேரம்தான்!

இப்போது அமெரிக்காவில் இருப்பவருடன் பேசுவதாகக் கொள்வோம். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு விநாடியில் ஏறத்தாழ 2,00,000 கி.மீ. செல்கிறது. இழையின் நீளம் 14,000 கி.மீ. என்றே வைத்துக்கொண்டாலும் (உண்மையில் இன்னும் அதிகம்), ஒரு வழிக்கு 0.07 விநாடி, போய்த் திரும்ப 0.14 விநாடி. படத்தையும் ஒலியையும் எண்களாக மாற்றி, மீண்டும் பழைய வடிவுக்குக் கொணரக் கணிப்பொறிக்கும் நேரம் வேண்டும். ஆகவே அடுத்த தெருவில் இருப்பவருடன் பேசினாலும் தாமதம் முற்றிலும் நீங்குவதில்லை. இயல்பான இடைவெளியே 0.2 விநாடி என்னும்போது இத்தாமதம் சிறிதன்று. இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவதும், இருவரும் ஒருசேர நிறுத்துவதும் இதனால்தான்.

மற்றொன்றும் உண்டு. காணொளிக் கூட்டத்தைத் திட்டமிட்டே கூட்ட வேண்டும். தேநீர் குடிக்கப் போகும் வழியில், “என்ன, முகம் வாடியிருக்கிறதே?” என்று ஒருவர் கேட்பதற்கு நேரம் குறிக்க முடியுமா?

நடுவழி

அதே நிறுவனம் 2021-22-இல் 1,612 பேரைக் கொண்டு மீண்டும் ஒரு சோதனை நடத்திற்று. இம்முறையும் பிறந்த தேதிதான் பிரித்தது. ஆனால் வீட்டிலிருந்து வேலை வாரத்தில் இரண்டு நாட்கள் மட்டுமே. ஆறு மாதங்களில் வேலையை விட்டு விலகுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தனர். வேலை மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் வேறுபாடு தோன்றவில்லை. இச்சோதனை தனிமையை நேரடியாக அளக்கவில்லை. எனினும் வாரத்தில் மூன்று நாட்கள் சேர்ந்திருந்துகொண்டே வீட்டு வேலையின் பயன்களையும் பெறலாம் என்பதைக் காட்டியது.

எல்லாருக்கும் ஒரே அளவு பொருந்தும் என்று இதற்குப் பொருளில்லை. கைக்குழந்தை உள்ள தாய்க்கும், நடக்க இயலாதவர்க்கும் வீட்டு வேலை பெரும் வரம். கூட்டுக் குடும்பத்தில் இருப்பவரின் தேவை ஒன்று. வாடகை அறையில் தனியே தங்கியிருப்பவரின் தேவை வேறொன்று. அவரவர் கணக்கை அவரவரே போட வேண்டும்.

கணக்குப் போட அளவீடு வேண்டுமல்லவா? நீங்களோ, உங்கள் அண்ணனோ அக்காவோ வீட்டிலிருந்து வேலை செய்தால், ஒரு வாரம் இதைக் குறித்துப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் வீட்டாரைத் தவிர எத்தனை பேருடன் நேரில் பேசினோம்? அதில் வேலை தொடர்பற்ற பேச்சு எத்தனை நிமிடம்? தொடர்ந்து பல நாட்கள் சுழியம் வருமானால் செலவுப் பக்கம் ஏறுகிறது என்று பொருள். மிச்சமான பயண நேரத்தில் அரை மணியை எடுத்து நூலகத்திற்கோ, விளையாட்டுத் திடலுக்கோ, நண்பர் வீட்டிற்கோ செல்லுங்கள். அண்ணனோ அக்காவோ அறைக்குள்ளேயே இருந்தால், மாலையில் கதவைத் தட்டி, “வாங்க, கடைத்தெரு வரை போய் வரலாம்” என்று அழையுங்கள்.