சறுக்குமரத்துக்குக் கீழே என்ன சார்?

வீட்டிலேயே 'க்ரெஷ்' நடத்தும் மனைவிக்காகச் சறுக்குமரம் வாங்கும் ஆபீஸ்வாசிகளே, கீழே என்ன போடப் போறீங்க? சிமென்ட் தரை வேண்டவே வேண்டாம். புல்தரையும் கணக்கில் சேராது. வெயிலில் காய்ந்தால் அதுவும் கட்டாந்தரைதான். ரப்பர் டைல்ஸ் நல்லதுதான், பர்ஸ் தாங்கணுமே!

மணல் போடுங்க. நாலடி உயரத்துக்கு 9 அங்குல மணல் என்கிறது அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம். அமுங்கிவிடும் என்பதால் 12 அங்குலம் கொட்டணும். சுற்றிலும் 6 அடி விடணும். சறுக்குமரம் 6க்கு 2 அடி என்றால் மணல் 18க்கு 14. அதாவது 252 கன அடி, இரண்டரை யூனிட். காசை மிச்சம் பிடிக்க ஒரு யூனிட்டோடு நிறுத்தினால் 5 அங்குலம்கூடத் தேறாது. விழப்போவது அடுத்த வீட்டுப் பிள்ளையின் தலை!

மழையில் மணல் இறுகும். அடிக்கடி கிளறி விடுங்க. ராத்திரி தார்ப்பாய் போட்டு மூடுங்க. இல்லேன்னா தெருப் பூனைகளுக்கு அதுதான் கக்கூஸ்.