நிழற்படத் தொடரும் கதையமைப்பும்

தனிப்படம் ஒரு கணத்தைக் காட்டும்; படத்தொடரோ ஒரு வாழ்வை உரைக்கும். 1948 ஆம் ஆண்டில் யூஜின் சிமித் என்பார் ஐக்கிய அமெரிக்காவின் கிறெம்லிங் என்னும் சிற்றூரில் 23 நாள்கள் தங்கி, செரியானி என்னும் வைத்தியரின் பணியைப் படமாக்கினார். 'லைஃப்' இதழில் வெளிவந்த அத்தொடர், கருமுகில் கவிந்த வானின்கீழ்ப் பையுடன் நோயாளரைக் காணச் செல்லும் அவரது தோற்றத்தோடு தொடங்குகிறது. இரவு 2 மணிவரை நீடித்த சத்திரசிகிச்சையின் பின்னர், கோப்பிக் கிண்ணத்துடன் அவர் களைத்து நிற்கும் படம் அதனை முடிக்கிறது. இடைப்பட்ட படங்கள் அவர்தம் உழைப்பைக் காட்டியிராவிடின், அக்களைப்பின் பொருள் விளங்காது.

ஆதலின், படக்கலை பயிலப்புகும் மாணாக்கர் ஒருவரது தொழிலைத் தேர்ந்து, இடம், செயல், முகம் என்பவற்றை முறையே படம்பிடித்தல் வேண்டும். எத்துணை அழகிதாயினும் கதைக்கு உதவாத படத்தை நீக்குதல் வேண்டும். படங்களின் வரிசையே கதையை ஆக்குவது.