டொலமைட் மூட்டையும் கடலின் சுண்ணாம்பும்

கவ்வாத்து வெட்டி முடித்த மலை தூரத்திலிருந்தே தெரியும். மரங்கள் குச்சிகளாய் நிற்க, நடுவில் மண்ணெல்லாம் வெள்ளைத் தூள் படிந்து கிடக்கும். மாத்தளை, கண்டிப் பக்கத்துப் பாறையை அரைத்து வரும் டொலமைட் அது. ஒருவகைச் சுண்ணாம்புக் கல்.

தேயிலை புளிப்பு மண்ணில் செழிக்கிற செடி. மண்ணின் பீ.எச். அளவு 4.5 முதல் 5.5 வரை இருந்தால் அதற்குப் போதும். ஆனால் யூரியாவும் அமோனியம் சல்பேற்றும் வருடக்கணக்காக விழும்போது மண் அதற்கும் கீழே புளித்துப்போகிறது. அப்புறம் எவ்வளவு உரம் போட்டாலும் வேர் சரியாக எடுக்காது. அந்தப் புளிப்பை முறிக்கத்தான் டொலமைட். தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் பல காலமாகச் சொல்லிவரும் பாடம் இது. மலையில் வேலை செய்கிற எவருக்கும் இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதைத் தெரிந்தவர்களுக்குக் கடலில் இப்போது நடப்பது எளிதாகப் புரியும். கடலுக்கும் ஒரு சுண்ணாம்பு இருப்பு உண்டு. ஆறுகள் மலைகளைக் கரைத்துக் கரைத்து, எண்ணிப் பார்க்க முடியாத காலமாகக் கொண்டுபோய்ச் சேர்த்த இருப்பு. பள்ளிக்கூடத்து இரசாயனத்தில் அதற்குக் காபனேற்று என்று பெயர். லொறி, மின்நிலையம், தொழிற்சாலை என்று மனிதர் எரிப்பதிலிருந்து கிளம்பும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. நீரில் கரைந்ததும் அது காபோனிக் அமிலமாகி ஐதரசன் அயன்களை விடுகிறது. புளிப்பு என்று நாம் சொல்வது இந்த அயனைத்தான். அது பக்கத்தில் உள்ள காபனேற்றைப் பிடித்து இருகாபனேற்றாக மாற்றிவிடும். மண்ணின் புளிப்பு டொலமைட்டைத் தின்பதுபோல, கடலுக்குள் இறங்கும் புளிப்பு கடலின் சுண்ணாம்பைத் தின்கிறது.

‘கடல் அமிலமாகிறது’ என்ற சொல் சிலரைக் குழப்பும். கடல்நீர் இன்றும் காரப் பக்கத்தில்தான் இருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் 8.2 அளவில் இருந்த மேற்பரப்பு நீரின் பீ.எச். இப்போது 8.1ஐ ஒட்டி நிற்கிறது. பத்தில் ஒன்று குறைந்தால் என்ன என்று தோன்றலாம். பீ.எச். என்பது ஒன்று குறைந்தால் புளிப்பு பத்து மடங்காகும் அளவுகோல். அந்தச் சின்னக் குறைவுக்குப் பின்னால் ஐதரசன் அயன்கள் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் கூடியிருக்கின்றன.

இனி வருவதுதான் முக்கியம். கடலிலுள்ள காபனேற்றுக்கு இரண்டு வேலை. முருகைக்கல், சிப்பி, சங்கு, இறால், கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் வரை, ஓடு கட்டும் உயிர்களுக்கெல்லாம் அதுதான் கல்லும் சாந்தும். நாம் விடும் காபனீரொட்சைட்டைக் கடல் விழுங்க முடிவதற்கும் அதே காபனேற்றுத்தான் காரணம். அது குறையக் குறைய, சிப்பிக்குஞ்சு தன் முதல் ஓட்டைக் கட்டத் திணறுகிறது. அதே நேரம் புதிதாக வரும் காபனீரொட்சைட்டை ஏற்கும் கடலின் திறனும் இறங்குகிறது. கடல் நம் புகையையெல்லாம் எளிதில் விழுங்கிவிடும் என்று நம்பியிருந்த காலத்தில், 1957இலேயே, ரொஜர் ரெவெல், ஹான்ஸ் சூஸ் என்ற இரு விஞ்ஞானிகள் அது அப்படி நடக்காது என்று எழுதினார்கள். கடல் உயிர்களுக்கு வரும் கேடும் காலநிலைக்கு வரும் கேடும் வெவ்வேறு செய்திகளாகப் பேசப்படுவது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது. இரண்டும் ஒரே இருப்பிலிருந்துதான் எடுக்கப்படுகின்றன.

இதற்கு மேல் சூடு. புவியில் மிகையாகத் தேங்கும் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கடலுக்குள் போகிறது. குளிர்ந்த சோடாவைத் திறந்தால் மெல்லச் சீறும்; வெயிலில் கிடந்த போத்தலைத் திறந்தால் பொங்கி வழியும். சூடான நீரில் வாயு தங்காது. சூடேறும் கடலும் அப்படித்தான்: காபனீரொட்சைட்டைக் குறைவாகப் பிடிக்கும், மீன் மூச்சு விடும் ஒட்சிசனையும் குறைவாகவே வைத்திருக்கும்.

சூடு என்ன செய்யும் என்பதை இலங்கை 1998இல் கண்டது. முருகை உயிரின் உடலுக்குள் ஒரு நுண்பாசி குடியிருந்து, வெயிலில் உணவு சமைத்துக் கொடுக்கிறது. நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை கூடிச் சில வாரம் அப்படியே நின்றால், அந்தப் பாசியை முருகை வெளியே தள்ளிவிடும். நிறம் போய் வெள்ளை எலும்பாய் நிற்கும். சூடு தணியாவிட்டால் பட்டினியில் சாகும். அந்த வருடம் ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக் கடலின் பார் ரீஃப் திட்டிலும் ஆழம் குறைந்த இடத்து முருகைகள் பெரும்பாலும் செத்துப்போயின. திருகோணமலையில் நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலைத் தீவு அந்த முறை தப்பியது. பார் ரீஃப் மெதுவாகத் துளிர்த்து எழுந்த பிறகு, 2016இல் அடுத்த வெப்ப அலை வந்து மறுபடியும் வெளுக்க வைத்தது. மன்னார் வளைகுடாவின் மறுகரையில், தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள தீவுகளைச் சுற்றியும் 2010இலும் 2016இலும் அதே காட்சி. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளுப்பு அறிவிக்கப்பட்டது. வெளுத்த முருகை மறுபடி வளர வேண்டுமானால் அதற்குக் காபனேற்று வேண்டும். சூடு இடிக்கிறது, திரும்பக் கட்டுவதற்குரிய கல்லைப் புளிப்பு எடுத்துக்கொள்கிறது.

மலைக்கும் இந்தக் கடலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு மே மாதக் காற்றைக் காட்டலாம். தலவாக்கலைக்கு மழை கொண்டுவரும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுத்தான் தீவின் தென்கரைக் கடலைக் கலக்குகிறது. மேல்நீர் விலக, ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலே வருகிறது. கடலுக்கு அது உரம் போடும் காலம். மிதவைப் பாசி பெருகும். அதைத் தின்று சிற்றுயிர்கள், அவற்றைத் தின்று நெத்தலியும் சாளையும், அவற்றின் பின்னால் சூரை. லயத்து அடுப்பில் வேகும் நெத்தலிக் கருவாடும், சம்பலில் இடிபடும் மாசித் துண்டும் இப்படி ஒரு கலக்கலில் பிறந்தவைதான். மேல்நீர் சூடாகும்போது அது இலேசாகி, மூடி போட்டதுபோல் மேலேயே நின்றுவிடும்; கீழ்ச்சத்து மேலே வர வழி குறையும். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் ரொக்ஸி மத்தியூ கொல் தலைமையிலான குழு 2016இல் வெளியிட்ட ஆய்வு, மேற்கு இந்து சமுத்திரத்தில் ஆறு தசாப்தங்களில் மிதவைப் பாசி 20 வீதம் வரை குறைந்திருக்கலாம் என்று கணித்தது.

பாசி குறைவது மீனோடு நிற்கும் சங்கதி அல்ல. காற்றிலிருந்து கடலில் கரைந்த காபனைப் பாசி உடலாக்கிக்கொள்கிறது. செத்த பாசியும் சிற்றுயிர்களின் எச்சமும் மெல்ல ஆழத்துக்கு இறங்கும்போது காபனும் கூடவே இறங்கி, நூற்றாண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது. சுண்ணாம்பு ஓடு சேர்ந்தால் அந்தத் துகளுக்குக் கனம் கூடும், வேகமாக மூழ்கும். ஓடு மெலிந்தால் நடுவழியிலேயே மக்கி, காபன் மறுபடி மேலே திரும்ப இடமாகும். ஓடு கட்டும் வேலையே கொஞ்சம் காபனீரொட்சைட்டை வெளிவிடும் என்பதால் வரவு செலவு அவ்வளவு எளிதல்ல.

சூடான கடலின் மேலுள்ள காற்று, ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 7 வீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்க முடியும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மலைகள் சரிந்த நாட்களை அனுபவித்தவர்களுக்கு, கடலோரத்துச் செய்தி மலையில் எப்படி வந்து விழும் என்று யாரும் கற்பிக்க வேண்டாம். ஒரு புயலை மட்டும் காட்டித் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த புயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பது தெரிந்ததுதான்.

மலையிலிருந்து கடலுக்குத் திரும்பிப் போவதும் ஒன்று உண்டு. டொலமைட் மண்ணில் கரையும்போது, அதில் ஒரு பகுதி இருகாபனேற்றாகி மழைநீரோடு வடிகாலில் இறங்குகிறது. அது கொத்மலை ஓயாவில் சேர்ந்து, மேல் கொத்மலை அணையைத் தாண்டி, மகாவலியோடு விக்டோரியா, ரந்தெனிகலை வழியே போய், திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிறது. ஆறுகள் ஆதியிலிருந்து செய்துவரும் வேலை இதுதான். நாம் விடும் வேகத்துக்கு ஆறுகளால் ஈடுகொடுக்க முடியாது. அவை தனியே இந்தப் புளிப்பை முறிக்க ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எடுக்கும். இதை வேகப்படுத்தலாமா என்று டார்ஜிலிங் தேயிலைத் தோட்டங்களில் எரிமலைப் பாறைத் தூளைத் தூவிப் பார்க்கிறார்கள். தேயிலை மண்ணில் ஒரு சிக்கல் இருக்கிறது. உரத்திலிருந்து பிறக்கும் நைத்திரிக் அமிலம் சுண்ணாம்பைத் தின்றால் இருகாபனேற்று உருவாகாது. காபனீரொட்சைட்டே காற்றுக்குத் திரும்பும். நம் மலையில் விழும் டொலமைட்டில் எவ்வளவு ஆற்றுக்குப் போகிறது, எவ்வளவு காற்றுக்குப் போகிறது என்பதை மலையடி ஓடைநீரை மழைக்கு மழை அளந்தால்தான் சொல்ல முடியும். மண்ணைப் பார்க்கும் நிறுவகம் தலவாக்கலையில் இருக்கிறது. கடலைப் பார்க்கும் நாரா நிறுவனம் கொழும்பில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஓடுகிற அந்தத் தண்ணீரை இரண்டும் சேர்ந்து அளக்க வேண்டும். அடுத்த கவ்வாத்து மலையிலேயே தொடங்கலாம்.