மூச்சுக்குழாயில் எந்த மடை திறந்திருக்கிறது?

பெருந்துறைக்கு நுரையீரல் வைத்தியம் புதிதல்ல. காசநோயாளிகளுக்காக எழுந்த சானடோரியம்தான் வளர்ந்து இன்று அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரியாக நிற்கிறது. மார்கழிப் பனி இறங்கியதும் 'வீசிங் வந்துருச்சு' என்ற பேச்சு இங்கே தெருவுக்குத் தெரு கேட்கும். அந்த இளைப்பு, அதாவது ஆஸ்துமா, ஏன் சிலருக்கு முற்றுகிறது என்பதற்கான விடை, மூச்சுக்குழாயின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் செல்களுக்குள் இருக்கிறது.

உடம்பின் எல்லாச் செல்லிலும் ஏறக்குறைய ஒரே மரபணுக்கள்தான். கீழ்பவானி வாய்க்காலில் ஓடுவது ஒரே தண்ணீர். எந்த மடை திறக்கிறதோ அந்த வயல்தான் நனையும். செல்லிலும் அப்படித்தான்: எந்த மரபணு இப்போது வேலை செய்கிறது என்பதே அதன் போக்கைத் தீர்மானிக்கிறது.

கலிபோர்னியாவில் பிரெஸ்காட் உட்ரஃப், ஜான் ஃபாகி குழுவினர் இதை நேரடியாகப் பார்த்தார்கள். மூச்சுக்குழாய்க்குள் கேமரா குழாயை இறக்கி, மெல்லிய பிரஷ்ஷால் செல்களைச் சுரண்டி எடுத்து, ஒவ்வொரு மரபணுவும் எவ்வளவு ஆர்.என்.ஏ. உண்டாக்குகிறது என்று அளந்தார்கள். 2007இல் வெளியான முடிவு: ஆஸ்துமா உள்ளவர்களிடம் பெரியாஸ்டின் உள்ளிட்ட மூன்று மரபணுக்கள் தூக்கலாக இருந்தன. அவற்றைத் தூண்டிவிடுவது இன்டர்லூக்கின்-13 என்ற புரதம். பசை போன்ற சளியைப் பெருக்குவதும் அதுவே. ஸ்டீராய்டை உள்ளிழுத்தவர்களிடம் அந்த மூன்றும் தணிந்தன. 2009இல் இன்னொன்று தெரிந்தது. அவர்கள் பார்த்த நோயாளிகளில் பாதிப் பேரிடம்தான் இந்தத் தூக்கல் இருந்தது. ஸ்டீராய்டு நன்றாகக் கேட்டதும் அந்தப் பாதிப் பேருக்கே. ஒரே பெயரில் வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஆய்வுகள் குறைவு.

இளைப்பு திடீரென முற்றுவதற்குப் பெரும்பாலும் காரணம் சாதாரண ஜலதோஷ வைரஸ்தான். அது தொற்றியதும் இந்தச் செல்கள் அபாய அறிவிப்பாகச் சில புரதங்களை வெளிவிடும். வீக்கம் பல மடங்காகும்.

சால்பியூட்டமால் பஃப் அடித்தால் சில நிமிடங்களில் மூச்சு விட முடிகிறது. குழாயைச் சுற்றிய தசை தளர்வதால் வரும் நிம்மதி அது. உள்ளே வீக்கம் அப்படியே இருக்கும். ஸ்டீராய்டோ செல்லுக்குள் புகுந்து, உட்கருவரை போய், வீக்கம் தரும் மரபணுக்களை அடக்குகிறது. அதற்கு நாள் பிடிக்கும். 'இன்ஹேலர் பழகிப்போயிரும்' என்று பயந்து, கொஞ்சம் தேவலையானதும் அதை நிறுத்துவோர் நம் பக்கம் நிறையப் பேர். நிறுத்தினால் அந்த மரபணுக்கள் மறுபடி தலைதூக்கும். பெரியவர்களுக்கும் பதின்வயதினருக்கும் சால்பியூட்டமாலை மட்டும் நம்பியிருக்க வேண்டாம், ஸ்டீராய்டும் சேர்ந்தே இருக்கட்டும் என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019இல் திருத்தப்பட்டிருக்கிறது.