போப் ஆகப்போகிறவர் எழுதிய ஓபரா

மணப்பெண் ஆண். மாமியார் ஆண். செவிலித்தாய் ஆண். ரோமாபுரியே ஒரு பெண்ணாக உருவெடுத்து முகவுரையில் வந்து பாடுகிறாளே, அவளும் ஆண்தான்!

2007 அக்டோபரில் ஸ்டெஃபனோ லாந்தி இசையமைத்த ‘இல் சாந்தலெஸ்ஸியோ’ ஓபரா பிரான்சில் மேடையேறி, அப்படியே படமாகவும் பிடிக்கப்பட்டது. பாடகர் பட்டியலில் பெண் பெயர் ஒன்றுகூடக் கிடையாது. இடம் கான் நகர அரங்கம். திரைப்பட விழா நடக்கும் தெற்குக் கான் இல்லை, வடக்கே நார்மண்டியில் இருக்கும் கான். ஓர் ஓபராவில் ஒரு நல்ல கவுண்டர்டெனர், அதாவது பெண்குரல் உயரத்தில் பாடும் ஆண், இருந்தாலே ரசிகர்கள் டிக்கெட்டுக்கு அலைவார்கள். இங்கே எட்டுப் பேர்! போதாக்குறைக்குக் கான் நகரத்துச் சிறுவர் பாடகர் குழு வேறு. ஒத்திகைக் கூடத்து வாசலில் கண்ணை மூடி நின்றிருந்தால், உள்ளே கன்னிமாடம்தான் இருக்கிறது என்று சத்தியமே செய்திருப்பீர்கள்.

ஏன் இந்த ஆண்கள் கூட்டம்? இந்த ஓபரா பிறந்த கதை அப்படி. 1630களின் தொடக்கத்தில் இது ரோமில் அரங்கேறியபோது, போப்பின் ஆட்சியிலிருந்த அந்த நகரத்தில் பெண்கள் மேடையேறுவதற்கில்லை. ஸ்திரீபார்ட் எல்லாம் ஆண்களுக்குத்தான். அதோடு விட்டார்களா? கதாநாயகன் வேடத்தையும் உச்சஸ்தாயியில் எழுதி வைத்தார்கள். அந்த உயரத்தில் பாட அன்று காஸ்ட்ராட்டோக்கள் இருந்தார்கள். குரல் உடையும் வயதுக்கு முன்பே பையன்களுக்கு விரையடித்து, வளர்ந்த மார்புக்கூட்டுக்குள் உடையாத குரலை நிறுத்திவைக்கும் கொடூரம் அது. கடைசி காஸ்ட்ராட்டோ என்று சொல்லப்படும் அலெஸ்ஸாந்த்ரோ மொரெஸ்கி 1922-இல் இறந்தார். இசைத்தட்டில் அவர் குரல் இன்றும் இருக்கிறது. இன்றைய கவுண்டர்டெனர்களுக்குக் கத்தி இல்லை. வளர்ந்த ஆண்கள், பொய்க்குரலை ஆண்டுக்கணக்கில் பழக்கிப் பழக்கி அதையே மெய்க்குரலாக்கிக்கொண்டவர்கள்.

இசையை நடத்திய வில்லியம் கிறிஸ்டி அமெரிக்காவின் பஃபலோவில் பிறந்து பிரான்சுக்காரராகிவிட்டவர். 1979-இல் ‘லெ ஆர் ஃப்ளோரிஸான்’ குழுவைத் தொடங்கி, தூசி படிந்து கிடந்த பழைய ஓபராக்களை ஒவ்வொன்றாகக் கிளறி எடுத்தவர். இதே ஓபராவை அவர் 1990களில் ஒலிப்பதிவும் செய்திருக்கிறார். அதில் நாயகன் அலெஸ்ஸியோவாகப் பாடியது பத்ரீசியா பெத்திபோன் என்ற பெண். மேடைக்குக் கொண்டுவரும்போது மனிதர் மனத்தை மாற்றிக்கொண்டு, எல்லாவற்றையும் ஆண்களுக்கே கொடுத்துவிட்டார். பெத்திபோனின் குரல் பளிங்கு. ஆனாலும் எனக்கு 2007-தான். ஆண் உடம்பிலிருந்து அந்தக் குரல் வரும்போது அதில் ஒரு விசித்திரமான தனிமை இருக்கிறது. இந்தக் கதைக்கு அதுதான் வேண்டும்.

அலெஸ்ஸியோவாக ஃபிலீப் ஜரூஸ்கி. முதலில் வயலின் படித்து, பிறகு பாட்டுக்கு வந்தவர். அவருடைய மனைவியாக மாக்ஸ் எமானுவேல் சென்சிச், பழைய வியன்னா சிறுவர் பாடகர் குழுப் பையன். இத்தனை மேல்ஸ்தாயிக்கு நடுவே தந்தையாக வரும் ஆலேன் புவே வாயைத் திறந்ததும் காதுக்குத் தரை தட்டுப்படும். பேயாக வரும் லூயிஜி தெ தொனாத்தோ அதற்கும் கீழே, நிலவறைக்கே கூட்டிப்போய்விடுவார்.

இனி எழுதியவருக்கு வருவோம், அங்கேதான் வேடிக்கை. கதையும் பாடல் வரிகளும் ஜூலியோ ரொஸ்பிலியோஸி. பாதிரியார், கவிஞர், பார்பெரினி குடும்பத்துக்கு வேண்டியவர். இதே ஆசாமி 1667-இல் ஒன்பதாம் கிளெமென்ட் என்ற பெயரில் போப் ஆனார்! நரகத்துப் பேய்கள் கும்மாளமிடும் காட்சியையும், வேலையில்லாமல் திரியும் இரண்டு எடுபிடிப் பையன்களின் குறும்புப் பாட்டையும், பேயைப் பிடிக்கப்போன ஒருவன் கையில் அது கரடியாக மாறித் தப்பிக்கும் கூத்தையும் எழுதியவர் பின்னாளில் புனித பேதுருவின் ஆசனத்தில் உட்கார்ந்தார்.

செலவு பார்பெரினி வீட்டுடையது. அப்போதைய போப் எட்டாம் உர்பன் அந்தக் குடும்பத்துக்காரர். ஓபராவுக்குப் புரவலராக இருந்த கர்தினால் ஃபிரான்செஸ்கோ அவருடைய அண்ணன் மகன். 1630களின் தொடக்கம் என்றால் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதல்லவா? கலீலியோவின் புகழ்பெற்ற ‘உரையாடல்’ 1632-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே விசாரணை, தண்டனை. நீதிபதிகளாக அமர்ந்த பத்துக் கர்தினால்களில் இந்த ஃபிரான்செஸ்கோவும் ஒருவர். தீர்ப்பில் கையெழுத்துப் போடாத மூவரிலும் அவர் ஒருவர். ஒரு பக்கம் அந்த வழக்கு, மறுபக்கம் வீட்டில் பாட்டும் கரடியும். அடுத்து 1634-இல் போலந்து இளவரசர் அலெக்சாந்தர் கார்ல் ரோமுக்கு வந்தபோது, அவருக்காக ஓபராவை மறுபடி மேடையேற்றினார்கள். அதே ஆண்டு இசைக்குறிப்பை மேடைக் காட்சிகளின் செதுக்கோவியங்களோடு புத்தகமாகவும் அச்சடித்தார்கள். வீட்டுப் பெருமைக்காகப் போட்ட புத்தகம்தான். அது இல்லையென்றால் இன்று நமக்குக் கானும் இல்லை, ஜரூஸ்கியும் இல்லை.

கதை? சொன்னால் உங்களுக்கும் கோபம் வரும். ரோமச் செல்வந்தர் வீட்டுப் பிள்ளை அலெஸ்ஸியோ, கல்யாண இரவன்றே கட்டிய மனைவியை விட்டுவிட்டு இறைவனைத் தேடி ஓடிவிடுகிறான். பல வருஷம் கழித்துப் பிச்சைக்காரனாகத் திரும்பி வந்து, யாருக்கும் தன்னைக் காட்டிக்கொள்ளாமல் சொந்த அப்பா வீட்டு மாடிப்படிக்கு அடியிலேயே தங்குகிறான். பழைய கதைகள் 17 ஆண்டு என்கின்றன. வீட்டு வேலையாட்கள் கேலி செய்கிறார்கள். தலைக்கு மேலே அப்பா, அம்மா, மனைவி மூவரும் அவனை நினைத்து அழுதபடி நடமாடுகிறார்கள். இவன் கேட்டுக்கொண்டே கிடக்கிறான். ரோமின் ஆவென்டீன் குன்றிலுள்ள கோயிலில் அந்தப் படிக்கட்டு என்று சொல்லி ஒரு மரப்படியை இன்றும் காட்டுகிறார்கள்.

புராண தெய்வங்களை விட்டிறங்கி, வாழ்ந்ததாக நம்பப்பட்ட மனிதனை நாயகனாக்கிய முதல் ஓபராக்களில் ஒன்று என்று இதற்குப் பெயர். ஆனால் நாயகன் செய்வது என்ன? ஒன்றுமில்லை. சண்டை இல்லை, காதல் இல்லை. சும்மா இருக்கிறான். சும்மா இருப்பவனை வைத்து எப்படி நாடகம் போடுவது என்பதுதான் இயக்குநர் பெஞ்சமின் லசாருக்கு முன்னால் இருந்த கேள்வி. அவருடைய பதில், மெழுகுவத்தி!

அசல் மெழுகுவத்தி, அசல் சுடர். மோலியேரின் நாடகம் ஒன்றை 2004-இல் இதே மாதிரி சுடர் வெளிச்சத்தில், அந்தக் காலத்து உச்சரிப்போடு மேடையேற்றிப் பெயர் வாங்கியவர் லசார். கேட்க அழகாக இருக்கிறது, கணக்குப் போட்டால்தான் பகீர் என்கிறது. ஒரு மெழுகுவத்தியின் வெளிச்சம் சுமார் 12 லூமென். நம் வீடுகளில் முன்பு தொங்கிய 100 வாட் குண்டு பல்பு ஒன்றுக்கு ஈடுகட்டவே நூற்றுக்கும் மேற்பட்ட மெழுகுவத்திகள் வேண்டும். ஒரே ஒரு பல்புக்கு! ஓபரா மேடைக்கு எத்தனை பல்பு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

அதனால் மேடையின் விதியே மாறிவிடுகிறது. சுடரிலிருந்து இரண்டு மடங்கு தூரம் தள்ளி நின்றால் வெளிச்சம் கால்பங்காகிவிடும். ஆகவே பாட வேண்டியவர் விளிம்பு விளக்கு வரிசைக்குப் பக்கத்தில் வந்தாக வேண்டும். பக்கவாட்டில் திரும்பினால் பாதி முகம் இருட்டு, எனவே சபையைப் பார்த்து நேரே நிற்க வேண்டும். மனைவியோடு பேசும்போதும் முகம் நமக்குத்தான். முகத்தில் வெள்ளைப் பூச்சு, உடையில் மின்னும் இழை, எல்லாம் கிடைக்கிற துளி வெளிச்சத்தைச் சிந்தாமல் பிடித்து நம்மிடம் திருப்பி அனுப்பும் உபாயங்கள். பழைய ஓவியங்களில் நடிகர்கள் பொம்மை மாதிரி வரிசையாக நிற்பதைப் பார்த்து, நடிக்கத் தெரியாதவர்கள் என்று சிரிப்போமே, அவர்கள் வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

முகத்தைத் திருப்ப முடியாதவனுக்குக் கைதான் வாய். பரோக் காலத்து மேடையில் கைக்கு இலக்கணம் உண்டு. வலது கை பேசும், இடது கை துணை போகும். கை கண்ணுக்கு மேலே போகலாகாது. சொல் வாயிலிருந்து விழுவதற்கு ஒரு கணம் முன்பே கை கிளம்ப வேண்டும். ரோமானியப் பேச்சுக்கலை ஆசான் குவின்டிலியனிலிருந்து இந்த மரபு வருகிறது. 1616-இல் ஜொவான்னி பொனிஃபாச்சோ என்பவர் சைகைகளுக்காகவே இத்தாலியனில் ஒரு தடிப் புத்தகம் போட்டார். எட்டுக் கவுண்டர்டெனர்களும் ஸ்வரத்தோடு விரல்களையும் மனப்பாடம் செய்த ஒத்திகை நாட்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் பரிதாபமும் சேர்ந்து வருகின்றன. ஒரு வரி மறந்தால் சமாளிக்கலாம். கை மறந்து தொங்கினால் அத்தனை சுடரும் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தக் காலத்து மேடைப் பின்புறம் இன்னும் அமர்க்களம். நிகோலா சப்பாத்தீனி என்ற மேடைக் கட்டடக்காரர் 1638-இல் தன் தொழில் ரகசியங்களை எல்லாம் நூலாக்கி வெளியிட்டார். மேடையை இருட்டாக்க வேண்டுமா? விளக்குகளுக்கு மேலே தகர உருளைகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இறக்கு. நரகம் வேண்டுமா? மேடைத்தளத்தில் பொறிக்கதவைத் திற, கீழே ஆட்களை நிறுத்தி, பந்தத்தின் மேல் குங்கிலியப் பொடி போன்ற பிசின் தூளை வீசச் சொல், தீ பொங்கும். காட்சி மாறுவதைச் சபை கவனிக்காமல் செய்ய வேண்டுமா? இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கொட்டகையின் கடைசியில் இரண்டு பேர் சண்டை போடுவது மாதிரி நடிக்கலாம், ஏதோ மரச்சட்டம் முறிந்து விழுகிற மாதிரி செய்யலாம், ஆனால் இவற்றால் நிஜமாகவே கலவரம் கிளம்பிவிடக்கூடும், பேசாமல் ஓர் எக்காளத்தை ஊதிவிடுவதே உத்தமம் என்கிறார்! எழுத்தில் அனுபவ வாசம் அடிக்கிறது.

மறுபடி கானுக்கு வருவோம். இசைக்குழியில் வயலின்கள் உண்டு, ஆனால் ராஜ்யம் செய்வது தந்தி மீட்டும் கூட்டம். ஹார்ப், லூட், ஆள் உயரத்துக்குக் கழுத்து நீண்ட தியோர்போ, ஹார்ப்சிகார்ட். இந்தக் கூட்டத்துக்கு அடிக்குரல் வரி மட்டும் எழுதியிருக்கும். அதன்மேல் என்ன நிரப்புவது என்பது வாசிப்பவர் கை, அன்றைய மனநிலை. பாடகர் ஒரு சொல்லில் தயங்கினால் தியோர்போவும் தயங்கும்.

இப்போது கேமரா. இருட்டு என்றால் ஒளிப்பதிவாளருக்கு வயிற்றில் புளி. 1975-இல் வெளிவந்த ‘பாரி லிண்டன்’ படத்தின் மெழுகுவத்திக் காட்சிகளுக்காக ஸ்டான்லி குப்ரிக், நாசாவுக்கென்று தயாரித்த ஸைஸ் லென்ஸைத் தேடிப் பிடித்தார். அப்படியும் போதாமல் மூன்று திரி வைத்த மெழுகுவத்தி ஏற்றினார் என்பார்கள். கானில் பிடித்த படத்தில் கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது, பொன் நிறம் மிதக்கிறது, யாராவது வேகமாக நடந்தால் சுடர்கள் சாய்ந்து எழுகின்றன. அரங்கத்தின் மாடி வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர்களை எண்ணிக் கொஞ்சம் வருத்தப்படுகிறேன். அவர்களுக்குத் தூரத்தில் ஒரு பிச்சைக்காரன் அசையாமல் இருப்பதுதான் தெரிந்திருக்கும். நமக்கு முகம் கிடைக்கிறது.

அதற்காகவே இரண்டாம் அங்கத்தைப் பாருங்கள். காத்திருந்து அலுத்துப்போன மனைவி, யாத்ரிகர் உடை மாட்டிக்கொண்டு கணவனைத் தேடிக் கிளம்புகிறாள். மாமியாரும் கூடவே புறப்படுகிறாள். வாசலில் நின்று அவர்களைத் தடுக்கும் பிச்சைக்காரன் யார்? தேடப்படுகிறவனேதான்! போகாதீர்கள் என்று கெஞ்சுகிறான், காரணம் சொல்ல முடியவில்லை. அவள் மயங்கி விழுகிறாள். தூக்கப் போகக்கூட அவனுக்கு உரிமை இல்லை. தனியாக விடப்பட்டதும், சொல்லிவிடலாமா வேண்டாமா என்ற போராட்டம் முழுவதும் ஜரூஸ்கியின் கண்ணுக்கும் உதட்டுக்கும் நடுவில் நடக்கிறது. கை சைகை இலக்கணத்துக்குள்தான் நிற்கிறது, விரல்நுனி மட்டும் கட்டுப்படவில்லை. சும்மா இருப்பவனை வைத்து நாடகம் போட முடியுமா என்று கேட்டேனே, முடியும். முகத்துக்கு இரண்டடி தூரத்தில் ஒரு சுடர் வேண்டும், அவ்வளவே.

மூன்றாம் அங்கத்தில் படிக்கட்டுக்கு அடியிலேயே அவன் செத்துப்போகிறான். கையிலிருந்த கடிதத்தைப் படித்த பிறகுதான் வீட்டாருக்கு விஷயம் தெரிகிறது. தந்தை, தாய், மனைவி மூவரும் சேர்ந்து அழும் பகுதி லாந்தியின் உச்சம். சிறுவர்கள் தேவதூதர்களாகப் பாட, அலெஸ்ஸியோவுக்குச் சொர்க்கமும் கிடைத்துவிடுகிறது. ரொஸ்பிலியோஸிக்கு அதில் மகா திருப்தி. எனக்கு இல்லை. காலமெல்லாம் மாடியில் காத்திருந்தவளுக்கு அவர் பெயர்கூட வைக்கவில்லை, பாத்திரப் பட்டியலில் அவள் வெறும் ‘மனைவி’. லாந்திக்கு மட்டும் இது உறுத்தியிருக்கிறது போலும், நல்ல மெட்டுகளில் பாதியை அவளுக்கே கொடுத்திருக்கிறார். சென்சிச் அவற்றில் ஒன்றைக்கூட வீணாக்கவில்லை.